கசிந்தது அமிலமன்று, காரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மின்னணு இசைக்கருவிகளைத் தேடிப்பிடித்து மீண்டும் ஒலிக்கச் செய்வோரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இத்துறையைப் பற்றித் தமிழில் அக்கறையோடு எழுதுவோர் மிகச் சிலர் என்பதால், அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும், கருவிக்குள் இருக்கும் மின்கலம் கசிந்து சுற்றுப்பலகை கெட்டிருந்தால், கசிந்த அமிலத்தைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவி உலர்த்தி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் ஒரு புது மின்கலத்தைப் பொருத்தினால் போதும் என்று அதில் ஒரு பத்தி வந்திருக்கிறது. அந்த ஒரே பத்தியில் மூன்று தவறுகள் உள்ளன. அதை நம்பி யாரேனும் தம் கருவியைத் திறந்தால் இன்னும் காப்பாற்றக்கூடிய பலகையைக் கைவிட நேரலாம் என்பதால், இப்படிப்பட்ட பலகைகளோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த மின்கலம் அங்கே ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர் என்னும் இசைக்கருவியில் ஒரு நல்ல ஒலியைக் கண்டுபிடித்தால், ஒவ்வொரு குமிழும் எந்த நிலையில் நிற்கிறது என்று தாளில் குறித்து வைத்துக்கொள்வதைத் தவிர வாசிப்பவருக்கு நெடுநாள் வரை வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. 1978இல் வெளிவந்த ப்ராஃபெட்-5 என்ற கருவி, நுண்செயலி ஒன்றின் துணையோடு 40 ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டு பொத்தானைத் தொட்டதும் திருப்பித் தந்தது. அதன்பின் வந்த கருவிகளிடமெல்லாம் இந்த வசதியை எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கினர். அக்காலத்து நினைவகச் சில்லுகளோ மின்சாரம் நின்ற கணத்திலேயே எல்லாவற்றையும் மறந்துவிடக்கூடியவை. அவை மறக்காமல் இருக்க ஏறத்தாழ 2 வோல்ட் அழுத்தமும் சில மைக்ரோஆம்பியர் மின்னோட்டமும் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். அந்தச் சிறு பணிக்காகத்தான் பலகையின் மேல் ஒரு மின்கலம் வந்து அமர்ந்தது.

எந்த வகை மின்கலத்தை, எங்கே வைத்தார்கள் என்பதில்தான் கருவிகளின் தலைவிதி பிரிந்தது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாள இயந்திரத்தில், நினைவைக் காக்கும் மூன்று ஏஏ மின்கலங்கள் தனி அறையில் கிடக்கின்றன. அவை கசிந்தாலும் பெரும்பாலும் அந்த அறையின் உலோகத் தகடுகளும் சுருள்களுமே துருவேறும், அவற்றை மாற்றிவிடலாம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் இருப்பது லித்தியம் நாணய மின்கலம். அது தன் ஆயுள் முடிந்ததும் பெரும்பாலும் ஓசைப்படாமல் செத்துப்போகும், ஒலிகள் மட்டும் அழியும். ஆனால் 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸில், அதன் 32 ஒலிகளைக் காப்பதற்காக மீண்டும் மின்னேற்றக்கூடிய 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் மின்கலத்தை, கருவியின் மூளையாகிய கேஎல்எம்-367 என்ற பலகையிலேயே சோல்டர் செய்து, அதாவது உருக்கிய உலோகக் கலவையால் ஒட்டி, பதித்துவிட்டார்கள். கருவியை இயக்கும்போதெல்லாம் மின்கலம் தானே மின்னேறிக்கொள்ளும், எவரும் அதைத் தொட வேண்டியதில்லை என்பது அன்றைய கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு அது சரியான கணக்கும்கூட. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அக்கருவியை ஒருவர் மடியில் வைத்துத் தாலாட்டுவார் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது என்பதால், அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இதே தவறு இசைக்கருவிகளோடு நின்றதும் இல்லை. 1970களின் இறுதியில் வந்த பாலி நிறுவனத்துப் பின்பால் ஆட்ட இயந்திரங்களின் பலகைகளிலும் இதே 3.6 வோல்ட் மின்கலம் இருந்தது, இதே அழிவு நிகழ்ந்தது. மின்கலப் புண்ணை ஆற்றும் முறைகளில் பலவற்றை எங்களைப் போன்றவர்கள் அந்த இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம்.

இனி முதல் தவறு. நிக்கல் காட்மியம் மின்கலத்துக்குள் இருப்பது அமிலம் அன்று. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரத்தின் நீர்க்கரைசல். சமையல் சோடாவும் ஒரு காரப்பொருளே. கந்தக அமிலம் அடங்கிய ஈய அமில மின்கலம் கசிந்தால் சோடாவைத் தூவுவது சரி. அந்தப் பழக்கம்தான் மின்கலம் என்றாலே அமிலம், அமிலம் என்றாலே சோடா என்று பலரது மனத்தில் பதிந்துவிட்டது. காரம் கசிந்த பலகையில் சோடாக் கரைசலை ஊற்றுவதால் எதுவும் நடுநிலை ஆவதில்லை. ஏற்கெனவே உள்ள உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பு சேர்ந்து, சில்லுகளின் அடியில் போய்த் தங்குவதுதான் மிச்சம்.

கசிந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லப் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுகிறது. பழைய மின்கலத்தின் முனையில் பூத்திருக்கும் வெண்ணிறப் பொடி அதுவே. பார்ப்பதற்குக் காய்ந்த சுண்ணாம்பு போலச் சாதுவாகத் தெரிந்தாலும் அது காற்றிலுள்ள ஈரத்தை விரும்பி இழுக்கும் உப்பு. ஈரப்பதம் மிகுந்த நாளில் தானே கசகசத்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். காலையில் ஒழுங்காக வாசிக்க முடிந்த கருவி மாலையில் மழை பெய்ததும் தானாகச் சுருதி விலகுவதற்கும், ஒரு விசையை அழுத்தினால் வேறொரு சுரமும் சேர்ந்து எழுவதற்கும் காரணம் தேடி அலைபவர்கள் முதலில் இந்த உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அது ஊர்ந்து செல்லும் விதமே அச்சமூட்டுவது. மின்கலத்தின் எதிர்முனையிலிருந்து புறப்பட்டு, உலோகப் பரப்பைப் பற்றிக்கொண்டு, பலகையின் செம்பை மூடியிருக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் நுழைந்து, துளைகளின் வழியே பலகையின் மறுபுறம் இறங்கி, கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்கூடப் பல சென்டிமீட்டர் ஏறிவிடும். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. போகும் வழியில் செம்பில் பச்சையும் நீலமுமாகக் களிம்பேறும். சில இடங்களில் செம்பு கரியைப் போலக் கறுத்துவிடும். சோல்டரில் உள்ள வெள்ளீயத்தையும் கடுங்காரம் அரிக்கும் என்பதால், பளபளப்பாக இருந்த இணைப்புகள் சாம்பல் நிறமாகி, சூடான சோல்டரிங் இரும்பை வைத்தாலும் உருகாமல் மணலைப் போல நிற்கும். பலகையில் மின்சாரம் செல்லும் செப்புக் கோடுகளாகிய தடங்களில் மின்னழுத்தம் இருந்தால் இந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கிறது. மின்கலத்தை ஒட்டிய தடங்களில் அந்த அழுத்தம் கருவி அணைந்திருக்கும்போதும் இருந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டுரையில் இல்லாத, ஆனால் கருவி வைத்திருப்போர் அவசியம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாள்தோறும் வாசிக்கப்படும் கருவியைவிட, உறை போட்டுப் பத்திரமாகப் பூட்டிவைக்கப்பட்ட கருவியே பெரும்பாலும் மோசமாகக் கெட்டிருக்கிறது. நிக்கல் காட்மியம் மின்கலம் சும்மா இருந்தாலும் மாதத்துக்குப் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ தன் மின்னூட்டத்தை இழந்துவிடும். கருவியை மாதக்கணக்கில் இயக்காவிட்டால் அது முற்றிலும் காலியாகிவிடும். அந்த 3.6 வோல்ட் மின்கலத்துக்குள் தொடராக உள்ள மூன்று சிற்றறைகளில் ஒன்று மற்றவற்றுக்கு முன்பே வற்றிவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து அதைத் தலைகீழாக மின்னேற்றும். அப்போது உள்ளே வாயு பெருகி, முனையைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்து கசிவு தொடங்குகிறது. ஆகவே, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்தது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எனக்கு அது நற்சான்றாகத் தோன்றுவதில்லை. பலகையின் நிழற்படத்தைக் காட்டச் சொல்வதற்கான காரணமாகவே தோன்றுகிறது.

கழுவி உலர்த்தினால் போதும் என்பது இரண்டாம் தவறு. அதை விளக்க என் சொந்தத் தோல்வி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொழிலின் தொடக்கத்தில், இப்படிக் கசிந்த பலகை ஒன்று என்னிடம் வந்தது. சோடா போட்டுக் கழுவும் தவறை நான் செய்யவில்லை. வினிகரைத் தோய்த்துத் துலக்கினேன், நீரால் அலசினேன், அறுந்துபோன நான்கு தடங்களுக்குக் கம்பியால் பாலம் போட்டேன், கருவி பாடியது. உரிமையாளரும் நானும் மகிழ்ந்தோம். எட்டு மாதம் கழித்து அதே கருவி, முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தது. மின்கலத்துக்கு அருகில் இருந்த இரண்டு சில்லுகளை நான் கழற்றாமல் விட்டிருந்தேன். அவற்றின் வயிற்றுக்கு அடியில் காரமும் நான் ஊற்றிய வினிகரும் சேர்ந்து ஓர் ஈரப்பசையாகத் தங்கி, மேலிருந்து பார்த்தால் தெரியாத தடங்களைத் தின்றுகொண்டிருந்தன. கழுவுவது பழுதுபார்ப்பின் பாதிகூட இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இரண்டாம் முறை அந்தப் பலகையோடு பதினொரு நாள்கள் செலவிட்டேன். அதற்குக் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று முதல் நான் பின்பற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எதைத் தொடுவதற்கும் முன் பலகையின் இரு புறங்களையும் நல்ல வெளிச்சத்தில் நிழற்படம் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் துலக்கியபின் எந்தத் தடம் எங்கே சென்றது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கடுங்காரம் கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. காட்மியமோ புற்றுநோயை உண்டாக்கும் என உறுதிசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஆகவே உலர்ந்த பொடியை ஊதுவதும், காய்ந்த நிலையில் சுரண்டுவதும் கூடாது, ஈரத் துணியால் துடைத்தே எடுக்க வேண்டும். மின்கலத்தை வெட்டுக்குறடால் துண்டித்து வெளியேற்றிய பிறகு, அதைச் சுற்றி நிறம் மாறிய எல்லை எதுவரை செல்கிறது என்று பார்த்து, அந்த எல்லையைக் கடந்து இரண்டு விரல்கடை தூரம் வரையுள்ள உறுப்புகள் அனைத்தையும் கழற்றிவிடுகிறேன். இது மிகை என்று சொல்பவர்கள் உண்டு. எட்டு மாதக் கதையை நினைத்தால் எனக்கு அது மிகையாகப் படவில்லை.

கழற்றும்போது ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: சில்லைக் காப்பதா, பலகையைக் காப்பதா? அரிக்கப்பட்ட சோல்டர் எளிதில் உருகாது. ஒரு சில்லை முழுதாக எடுக்க வேண்டும் என்று நெடுநேரம் சூடேற்றினால், ஏற்கெனவே பிடிப்பை இழந்துவிட்ட செப்பு வளையங்கள் பலகையிலிருந்து உரிந்து வந்துவிடும். இன்றும் தாராளமாகக் கிடைக்கும் சாதாரணத் தருக்கச் சில்லாக இருந்தால், அதன் கால்களை உடலோடு ஒட்ட வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகத் தனித்தனியே உருவுவதே அறிவுடைமை. ஆனால் தயாரிப்பாளரின் நிரலை உள்ளேயே பதித்துவைத்திருக்கும் நுண்செயலியை அப்படி வெட்டிவிட முடியாது. அங்கே பலகையில் காயம் பட்டாலும் சில்லைத்தான் காக்க வேண்டும், பலகையைக் கம்பியால் தைத்துக்கொள்ளலாம். உருகாத இணைப்பில் புது சோல்டரையும், அது பற்றிக்கொள்ள உதவும் ஃப்ளக்ஸ் என்ற பசையைத் தாராளமாகவும் சேர்த்தால் பழையது பெரும்பாலும் இளகி வரும். வராவிட்டால் சூட்டைக் கூட்டுவதைவிட, சாம்பல் நிற மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு மறுபடி முயல்வது நல்லது.

காரத்தை முறிக்க வினிகர் போதும். சிட்ரிக் அமிலத்தின் மெலிந்த கரைசலும் ஆகும். மென்மையான தூரிகையால் தடவினால் கார்பனேட் உப்பு நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்வரை திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். ஆனால் வினிகரும் ஓர் அமிலமே, அதைப் பலகையில் விட்டுவைத்தால் எஞ்சிய செம்பை அது அரிக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசி, பலகை ஈரமாக இருக்கும்போதே அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஹெச் தாளை ஒற்றிப் பார்த்து, நிறம் நடுநிலையைக் காட்டிய பிறகே நிறுத்துகிறேன். விலை அற்பமான அந்தத் தாளை இந்தத் தொழிலில் பலர் பயன்படுத்தாதது எனக்கு வியப்பளிக்கிறது. அதன்பின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவினால் நீர் வெளியேறும். வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் காயவிட வேண்டும். நகரும் குமிழ்கள், விசைகள், ரிலேக்கள் ஆகியவற்றுக்குள் இந்த நீர் எதுவும் புகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம், இல்லையெனில் ஒரு நோயைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வரவழைத்துக்கொள்வோம்.

உலர்ந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பச்சைப் பூச்சு கறுத்தோ உப்பியோ இருக்கும் இடமெல்லாம் கண்ணாடி இழைப் பேனாவால் அதை அகற்றி, அடியிலுள்ள செம்பு வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். நலமான செம்பு சோல்டரை உடனே ஏற்றுக்கொள்ளும். ஏற்காத செம்பு இன்னும் நோயுற்றிருக்கிறது என்று பொருள். ஏற்றுக்கொண்ட தடங்களின் மேல் மெல்லிய சோல்டர் படலம் ஒன்றைப் பூசிவைத்தால் அதுவே காப்பாகவும் அமையும். அறுந்த தடத்துக்குக் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கம்பியால் பாலம் போடுகிறேன். பாலத்தைத் தடத்தின் வெட்டுப்பட்ட இரு முனைகளுக்கு இடையே போடாமல், ஒரு சில்லின் காலிலிருந்து அடுத்த சில்லின் கால் வரை நேராகக் கொண்டுசெல்வதே நல்லது; இடையில் எஞ்சியிருக்கும் பழைய செம்பை நம்ப வேண்டிய தேவை அப்போது இருக்காது. இரு புறமும் தடங்கள் உள்ள பலகைகளில், துளைகளின் உட்சுவரில் உள்ள செம்புப் பூச்சும் போயிருக்கும். அங்கெல்லாம் ஒரு கம்பியை ஊடுருவவிட்டு இரு பக்கமும் சோல்டர் செய்ய வேண்டியிருக்கும். பல பலகைகளில் மிக அதிக நேரத்தை விழுங்குவது இந்தத் துளைகள்தாம்.

மின்தடை முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டரின் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. தடம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் அந்தக் கருவியின் கீச்சொலியையே நம்புகிறார்கள். பெரும்பாலான மீட்டர்கள் 30 ஓம் அளவுக்கு மின்தடை இருந்தாலும் கீச்சிடும். நலமான தடத்தின் மின்தடையோ ஓர் ஓமில் சிறு பகுதியே. நூலிழை அளவுக்கு அரிக்கப்பட்டு, அடுத்த மழைக்காலத்தில் அறுந்துபோகவிருக்கும் தடமும் இன்று உற்சாகமாகக் கீச்சிடும்! ஆகவே ஒலியை அணைத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். ஒரே நீளமுள்ள பக்கத்துத் தடம் 0.2 ஓம் காட்டும்போது இது மட்டும் 2 ஓம் காட்டினால், அதற்கும் பாலம் போட வேண்டிய காலம் வந்துவிட்டது. அளக்கும்போது முனைகளைச் சோல்டர் குவியலின் மேல் வைக்காமல் சில்லின் காலிலேயே வைக்க வேண்டும், ஏனெனில் காலுக்கும் குவியலுக்கும் இடையிலேயே பிளவு இருக்கலாம். அதேபோல் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பக்கத்துத் தடங்களுக்கு இடையேயும் அளந்து பார்க்க வேண்டும். சுற்று வரைபடத்தின்படி அங்கே இணைப்பு எதுவும் இல்லாதபோது சில ஆயிரம் ஓம்கள் காட்டினால், உப்பு இன்னும் போகவில்லை. அக்காலத்துப் பழுதுநீக்கக் கையேடுகள் முழுச் சுற்று வரைபடத்தையும் அச்சிட்டுத் தந்தன என்பதே இந்த வேலையைச் சாத்தியமாக்குகிறது; வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டையும் அளந்து முடித்ததும் வண்ணப் பென்சிலால் அடித்துக்கொண்டே செல்வது என் வழக்கம்.

பலகையோடு இணைந்த கம்பிக்கற்றைகளை மறந்துவிடக் கூடாது. உறையைச் சற்று உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்த கம்பியில் சோல்டர் ஒட்டாது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும், எட்டாவிட்டால் கம்பியையே மாற்றிவிட வேண்டும்.

மூன்றாம் தவறுக்கு வருகிறேன். நிக்கல் காட்மியத்துக்குப் பதிலாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தைப் பொருத்தினால் காட்மியம் என்ற நச்சு நீங்கும், அவ்வளவுதான். அதனுள்ளும் இருப்பது அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதுவும் மின்னூட்டம் வற்றிப்போகும், அதுவும் கசியும். பதினொரு நாள் தைத்த பலகையின் மேல் அதே எதிரியை மறுபடி குடியமர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 3 வோல்ட் லித்தியம் நாணய மின்கலத்தை, அதாவது சிஆர்2032ஐ, அதற்குரிய தாங்கியில் வைத்து, நீண்ட கம்பிகளோடு பலகையிலிருந்து விலக்கி, கருவியின் அடித்தட்டில் பொருத்துவதே நான் செய்வது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர் மணி. நினைவகம் 5 மைக்ரோஆம்பியர் எடுத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுகள் தாங்கும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம்: லித்தியம் நாணய மின்கலம் மின்னேற்றத்தக்கது அன்று. பழைய சுற்றில் மின்னேற்றத்துக்கென இருக்கும் மின்தடையத்தை நீக்காமலும், மின்னோட்டம் திரும்பிப் பாயாதபடி டயோடு ஒன்றைத் தொடரில் சேர்க்காமலும் அதை அப்படியே பொருத்தினால், அது வீங்கி வெடிக்கக்கூடும். எந்த டயோடு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாட்கி வகையில் அழுத்த இழப்பு குறைவு என்பார்கள்; ஆனால் அதில் எதிர்த்திசைக் கசிவு கூடுதல். சில மைக்ரோஆம்பியர் மட்டுமே ஓடும் இடத்தில் சாதாரண 1என்4148 சிலிக்கான் டயோடும் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இழக்கும், நினைவகத்துக்கு வேண்டிய 2 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். ஆகவே நான் அதையே தேர்கிறேன். நாணய மின்கலத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், மாற்றிய நாளைத் தாங்கியின் அருகில் எழுதி ஒட்டிவைத்தால் அடுத்து திறப்பவர் நன்றி சொல்வார்.

முழுவதும் அழிந்த பலகைக்குப் பதிலாகப் புதிதாக வடிவமைத்த மாற்றுப் பலகைகள் சில கருவிகளுக்கு இப்போது கிடைக்கின்றன. எதைச் செய்தும் மீளாத நிலைக்கு அவை நல்ல தீர்வு. அப்போதும் பழைய பலகையைத் தூக்கி எறியாமல், கழுவி, காரம் முறித்து, உறையிலிட்டுக் கருவியோடு வைத்திருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அதிலுள்ள அரிய சில்லு ஒன்று வேறொரு கருவிக்கு உயிர் தரலாம். இன்று மீளாது என்று நினைத்த பலகையை நாளை ஒருவர் பொறுமையோடு மீட்கவும் கூடும்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் கருவியைத் திறக்க எண்ணியிருப்பவர்கள், இன்னும் கசிவு தொடங்காத நிலையில் இருந்தால், முதலில் நினைவிலுள்ள ஒலிகளை ஒலிநாடா வழியாகவோ, மின்னணு இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி வழியாகவோ பதிந்து வைத்துக்கொள்ளட்டும். பாலிசிக்ஸ் போன்றவற்றில் ஒலிநாடாவுக்கென்றே தனி இணைப்பு உண்டு, நாடாப்பெட்டிக்குப் பதில் கணினியின் ஒலிப்பதிவையும் அதில் பயன்படுத்தலாம். பிறகு மின்தொடர்பைத் துண்டித்து, பழைய மின்கலத்தை இன்றே வெட்டி எடுத்துவிடட்டும். மாற்று மின்கலம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்கலம் இல்லாத கருவி ஒலிகளை மறக்குமே தவிர வேறு கேடு அடையாது. மேற்கண்ட திருத்தங்களைத் தங்கள் அடுத்த இதழில், குறைந்தது சோடாவைப் பற்றியதையும் மின்கல வகையைப் பற்றியதையுமாவது, வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்த நிக்கல் காட்மியம் மின்கலத்தை வீட்டுக் குப்பையில் போடாமல், முனைகளில் நாடா ஒட்டி, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அத்திருத்தத்தோடு சேர்த்துக்கொண்டால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பழைய மின்னணு இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவன்